உடல் மெலிவும் உடை மாற்றமும்

 

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. அந்த ஆள் கொஞ்சம் குறைந்துவிட்டால் ஆடை என்ன ஆகும்? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அன்று. டாக்டர் சொன்னபடி எடையைக் குறைத்தவர்களில் சிலர், பாதி வழியிலேயே பயந்து போய்ப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரணம், தங்கள் முகமும் கழுத்தும் கையும் துணிமணியும் மாறுவதைப் பார்த்து, 'நமக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று அவர்கள் நினைத்துவிடுவதுதான். வேறு சிலரோ, உண்மையிலேயே நோய் வந்து மெலிந்துகொண்டிருக்கும்போது, 'பரவாயில்லை, உடம்பு இறங்குகிறது' என்று மகிழ்ந்து, மருத்துவரிடம் போகாமல் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். இந்த இரண்டு தவறும் நம் லயங்களிலும் குடியிருப்புகளிலும் நேர்கின்றன. ஆகவே, உடல் மெலியும்போது உடையிலும் தோற்றத்திலும் என்னென்ன மாறும், அவற்றில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. மலேசிய சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது, ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு. 2019-ஆம் ஆண்டின் ஆய்வில், மற்ற பெரிய இனத்தவரைவிட இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம் எனத் தெரியவந்தது. ஆகவே, கிளினிக்கில் தாதியர் "அம்மா, எடையைக் குறையுங்கள்" என்று சொல்லும்போது அது அழகுக்காகச் சொல்லும் வார்த்தை அன்று.

அதிகமாகக்கூடக் குறைக்க வேண்டியதில்லை. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்கவும், வாரத்திற்கு 150 நிமிடம் வேகமாக நடக்கவும் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்களிடையே நீரிழிவு வருவது 58 விழுக்காடு குறைந்தது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவுதான். ஆனால், இந்த ஐந்தரைக் கிலோ போகும்போதே உடையும் தோற்றமும் பேசத் தொடங்கிவிடும்.

சரி, உடை எப்படிப் பேசுகிறது?

நம் வீடுகளில் ஆண்கள் கைலி கட்டுகிறார்கள். பெண்கள் வீட்டில் கைலியோ தொளதொளப்பான நீள உடையோ அணிகிறார்கள்; விசேஷத்திற்குச் சேலை கட்டுகிறார்கள். இந்த உடைகளுக்கு இடுப்பளவு என்று ஒன்று கிடையாது. பத்து கிலோ ஏறினாலும் கைலி கட்டலாம்; பத்து கிலோ இறங்கினாலும் அதே கைலியைக் கட்டலாம். சேலையில் கொசுவம் ஒன்று கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். ஆகவே, இந்த உடைகள் நம் உடம்பின் இரகசியத்தை மறைத்துவிடுகின்றன. உண்மையைச் சொல்வது ரவிக்கைதான். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை பொங்கலுக்குக் கொக்கி மாட்டவில்லை என்றால் உடம்பு ஏறியிருக்கிறது. தோளிலிருந்து நழுவுகிறது என்றால் இறங்கியிருக்கிறது. ஆண்களுக்குக் காற்சட்டையின் இடைவார் சொல்லும். எந்தத் துளையில் மாட்டுகிறீர்கள் என்று கவனித்தாலே போதும்.

வீட்டில் எடைக்கருவி இல்லாதவர்கள் ஒரு சிறு காரியம் செய்யலாம். நீளாத கெட்டியான நூல் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தொப்புள் உயரத்தில் வயிற்றைச் சுற்றி இறுக்காமல் பிடித்து, முனை வந்து சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். மாதம் ஒரு முறை அதே கயிற்றால் அளந்து பாருங்கள். முடிச்சு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்பது தெரியும். பள்ளிப் பிள்ளையின் அளவுகோலில் அந்தக் கயிற்றை வைத்துப் பார்த்தால் சென்டிமீட்டரும் தெரிந்துவிடும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே வயிற்றளவு இருப்பது நல்லது.

இனி, எடை குறையும்போது ஏற்படும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயிறு குறைய வேண்டும் என்றுதான் எல்லாரும் விரும்புகிறோம். ஆனால், உடம்பு நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பதில்லை. கொழுப்பு உடல் முழுவதும் தோலுக்கு அடியில் பரவியிருக்கிறது. அது கரையும்போது எல்லா இடத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பலருக்கு முதலில் தெரிவது முகத்தில்தான். கன்னம் ஒட்டினாற்போல் ஆகும். கழுத்து எலும்பு தெரியும். விரல் மெலியும், மோதிரம் சுழலும். வளையல் முழங்கை வரை ஏறும். செருப்பின் வார் தளரும். பொய்ப்பல் வைத்திருப்பவர்களுக்குச் சில வேளைகளில் அது ஈறில் சரியாகப் பொருந்தாமல் ஆடத் தொடங்கும்.

இன்னும் சில மாற்றங்கள் உண்டு. கோயில் திண்ணையிலோ பலகையிலோ நெடுநேரம் உட்கார்ந்தால் பின்புறம் வலிக்கும். ஏனென்றால், மெத்தை போலிருந்த சதை குறைந்து, எலும்பு பலகையை அழுத்துகிறது. காலைப் பிரட்டுக்குப் போகும்போது முன்பைவிடக் குளிர் அதிகமாகத் தெரியும். தோலுக்கு அடியிலிருந்த கொழுப்புதான் நமக்குப் போர்வை போல இருந்தது. அது குறைந்தால் குளிர் தெரியத்தானே செய்யும்? எடையைக் குறைக்க முயன்றவர்கள் இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தலைமுடி உதிர்வது பெண்களை அதிகமாகக் கலங்க வைக்கிறது. வேகமாக எடை குறைந்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வரலாம். உணவு திடீரென்று குறையும்போது, முடி வளர்ப்பதை உடம்பு சிறிது காலத்திற்கு ஒத்திப்போடுகிறது. பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் இந்த உதிர்வு நின்று, முடி மறுபடி வளரும். ஆயினும், இது ஓர் எச்சரிக்கைதான். 'நீ வேகமாக ஓடுகிறாய், கொஞ்சம் மெதுவாக நட' என்று உடம்பு சொல்கிறது. வாரத்திற்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் முடி உதிர்வது மட்டுமன்று, பித்தப்பையில் கல் உண்டாகவும் இடமுண்டு. தசையும் கரைந்துவிடும். தசை கரைந்தால் மங்கும் அரிவாளும் தூக்குகிற கைக்குப் பலம் ஏது? ஆகவே, சோற்றைக் குறைக்கும்போது முட்டை, மீன், பருப்பு, தௌவு, தெம்பே ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். முதலில் குறைக்க வேண்டியது தேநீரில் ஊற்றும் கெட்டிப்பாலைத்தான். இரண்டு மேசைக்கரண்டிக் கெட்டிப்பாலில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு கோப்பை குடிப்பவர் தேநீரிலேயே 80 கிராம் சர்க்கரையைக் குடித்துவிடுகிறார்.

அடுத்தது தோல். பல ஆண்டுகளாக விரிந்திருந்த தோல், உள்ளே இருந்த கொழுப்பு போனவுடன் சுருங்கிவிடாது. சட்டைப் பையில் நெடுநாள் பெரிய பொருளை வைத்திருந்து எடுத்தால், பை தொய்ந்து நிற்கிறதல்லவா? அது போலத்தான். இளவயதினருக்குத் தோல் ஓரளவு திரும்பும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கும், மிக அதிகமாகக் குறைத்தவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும் மேற்கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கக்கூடும். இதை இறுக்குகிறோம் என்று சொல்லி விற்கும் களிம்புக்கும் எண்ணெய்க்கும் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். மெதுவாகக் குறைப்பதும், கை கால்களுக்கு வேலை கொடுத்துத் தசையை வளர்ப்பதும்தான் நம்மால் செய்யக்கூடியவை. தோல் மடிப்புகளில் வியர்வை தங்கினால் நம் நாட்டு வெப்பத்தில் படை வந்துவிடும். குளித்தபின் மடிப்புகளை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள்.

நல்ல மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்மவர் பலருக்குக் கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும். சில தாய்மார்கள் அதை அழுக்கு என்று எண்ணி, பிள்ளையின் கழுத்தைத் தேங்காய் நாராலும் கல்லாலும் தேய்த்துப் புண்ணாக்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அழுக்கு அன்று. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. நீரிழிவு பின்னால் வந்துகொண்டிருக்கலாம் என்று கூறும் முன்னறிவிப்பு. அப்படிக் கறுத்திருப்பவர் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். எடை குறையக் குறைய, சோப்பும் நாரும் போக்காத அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வெளுக்கும். கன்னம் ஒட்டியதே என்று கவலைப்படுபவர், கண்ணாடியில் தம் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

இனி, வேலைத்தளத்திற்கு வருவோம். இங்கே உடைப் பொருத்தம் உயிர்ப் பிரச்சினை.

செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பணியில் நம் பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் அணியும் வடிகட்டி முகக்கவசம், முகத்தோடு ஒட்டி நின்றால்தான் பயன் தரும். முகம் மெலிந்துவிட்டால், கன்னத்திற்கும் கவசத்திற்கும் இடையே இடைவெளி உண்டாகும். கவசம் அணிந்திருப்பது போலத்தான் இருக்கும். ஆனால், அந்த இடைவெளி வழியாக மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆகவே, உடல் எடை கணிசமாகக் குறைந்தவர்கள் தங்கள் மண்டோரிடமோ அலுவலகத்திலோ சொல்லி, கவசம் பொருந்துகிறதா என்று மறுபடி சோதித்து, வேண்டுமானால் வேறு அளவு கேட்டு வாங்க வேண்டும். கையுறையும் அப்படியே. தொளதொளத்த கையுறைக்குள் மருந்து வழிந்து இறங்கினால், அது தோலோடு நெடுநேரம் தங்கிவிடும்.

பழம் வெட்டுகிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கெண்டைக்கால் மெலிந்தால் ரப்பர் பூட்ஸ் வாய் அகன்று நிற்கும். முள்ளும் சேறும் உள்ளே விழும். பாதமும் உள்ளே வழுக்கும். மேட்டில் ஏறும்போது கால் பிசகும். கெட்டியான காலுறை ஒன்று கூட அணிந்து பாருங்கள். அப்போதும் ஆடினால் சிறிய அளவு பூட்ஸ்தான் வழி. தலைக்கவசத்தின் உள்பட்டையையும் தாடை வாரையும் இறுக்கிக்கொள்ளுங்கள். நழுவும் காற்சட்டையைக் கயிற்றால் கட்டி, கயிற்று முனையைத் தொங்கவிட்டுக்கொண்டு இயந்திரத்தின் அருகே போகாதீர்கள்.

இனி, துணிமணிக் கணக்கு. 'எடை குறைந்தால் எல்லாத் துணியையும் புதிதாக வாங்க வேண்டுமே, அந்தக் காசுக்கு எங்கே போவது?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கும் வழி இருக்கிறது.

முதலாவது, அவசரப்படாதீர்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தால், இரண்டு மாதம் கழித்து மறுபடி பிரிக்க வேண்டி வரும். கயிறு கோத்த இடுப்பும் இடைவாரும் அதுவரை போதும். எடை ஒரே நிலையில் இரண்டு மூன்று மாதம் நின்றபின் தைக்க உட்காருங்கள்.

இரண்டாவது, எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ரவிக்கையையும் பஞ்சாபி உடையின் மேற்சட்டையையும் பக்கத் தையலில் பிடித்துச் சிறிதாக்கலாம். ரவிக்கையை உட்புறம் வெளியே வரும்படி அணிந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கூடுதல் துணியைக் கிள்ளிப் பிடித்து, ஊக்குக் குத்தச் சொல்லுங்கள். பிறகு கழற்றி, கையால் ஓட்டுத் தையல் போட்டு, மறுபடி அணிந்து, கையைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். அக்குளில் இழுக்கவில்லை என்றால் தையல் இயந்திரத்தில் ஓட்டலாம். உள்ளே மிஞ்சும் துணியை வெட்டிவிடாதீர்கள். பிற்காலத்தில் மகளுக்கு ஆகும்.

காற்சட்டையை நடுப் பின் தையலில் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, பார்க்க அழகாக இராது. சட்டையில் உடற்பகுதியைச் சிறிதாக்குவது எளிது. ஆனால், தோள் தையல் புயத்தில் இறங்கித் தொங்கினால், அதைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம். அத்தகைய சட்டையைத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதே மேல்.

மூன்றாவது, நகை. சுழலும் மோதிரத்தின் அடிப்பாகத்தில் நூல் சுற்றி அணிவது நம் பாட்டிமார் வழக்கம். அது தற்காலிகத்திற்குப் போதும். ஆனால், ஈர நூலில் அழுக்குச் சேரும், அவ்வப்போது மாற்றுங்கள். எடை நிலைத்தபின் ஆசாரியிடம் கொடுத்து வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். வளையல் பெரிதாகிவிட்டது என்று உடனே கடையில் மாற்றப் போகாதீர்கள். சேதாரமும் கூலியும் நம் தலையில் விழும். பால்வெட்டுக்கும் பழம் பொறுக்கவும் போகும்போது தளர்ந்த மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது. காட்டில் விழுந்தால் கிடைக்காது.

நான்காவது, புதிய உடம்புக்கு நன்றாகப் பொருந்தும் ரவிக்கை ஒன்றை 'அளவு ரவிக்கை' என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒரு காற்சட்டையை அப்படி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை அணிந்து பாருங்கள். இறுகினால் கெட்டிப்பால் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். காரணமின்றித் தளர்ந்தால், அதற்குப் பொருள் வேறு. அதைச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

அதற்கு முன், அக்கம்பக்கத்தார் வாயைப் பற்றி ஒரு சொல். எட்டு கிலோ குறைத்த ஓர் அம்மா கோயிலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"என்னாக்கா, இப்படி எளச்சிப் போயிட்டீங்க? ஒடம்புக்கு என்னா செய்யிது?"

"வீட்டுல ஏதும் கவலையா? மருமக சோறு போடுறதில்லையா?"

இப்படி நான்கு பேர் கேட்டால், ஐந்தாவது நாள் அந்த அம்மா பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நம் சமுதாயத்தின் பழைய அனுபவம் அப்படிக் கேட்க வைக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். சயாம் இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு மெலிவு என்றால் பசி, நோய், சாவு. பூசினாற்போன்ற உடம்பு என்றால் நல்வாழ்வு. அந்த எண்ணத்தைத்தான் நம் தாத்தா பாட்டி நமக்கு அன்போடு விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால், இன்று நம்மை வாட்டுவது பசி அன்று; சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான்.

ஆகவே, மெலிந்தவரைக் கண்டால் 'என்ன சீக்கு?' என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக அழைத்து, 'அக்கா, உடம்பைக் குறைக்கிறீர்களா, தானாகக் குறைகிறதா?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல உயிர்களைக் காக்கக்கூடியது. 'நான்தான் குறைக்கிறேன்' என்றால், 'நல்ல காரியம், விடாமல் செய்யுங்கள்' என்று சொல்லுங்கள். 'நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகத்தான் குறைகிறது' என்றால், கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி எதுவும் செய்யாமலேயே உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ விதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது மூன்றே கிலோ. ஒரு ரவிக்கை தளர இது போதும். அதோடு தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சேர்ந்தால் நீரிழிவாக இருக்கலாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை ஆகியவை சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தாங்க முடியாத புழுக்கம் ஆகியவை சேர்ந்தால் தைராய்டுச் சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். விழுங்கச் சிரமம், மலத்தில் இரத்தம், ஆறாத கட்டி ஆகியவை சேர்ந்தால் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மனச் சோர்வும் உணவை வெறுக்க வைத்து உடம்பை உருக்கும். காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகக்கூடியது. மற்றவற்றிலும், முன்னே போனவருக்குத்தான் முன்னேற்றம் அதிகம். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளி கட்டணம் ஒரு வெள்ளிதான். ஒரு கோப்பைத் தேநீர் விலைகூட இல்லை.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வளரும் பிள்ளையின் எடை ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது. ஆனால், பிள்ளை மெலிவது நமக்குத் தெரியாமல் போக ஒரு காரணம் உண்டு. 'வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும்' என்று சீருடையை இரண்டு அளவு பெரிதாகவே வாங்குகிறோம். ஏற்கெனவே தொளதொளத்த உடைக்குள் பிள்ளை மெலிந்தால் யாருக்குத் தெரியும்? வகுப்பறையில் பார்க்கும் எங்களுக்கே சில வேளை தெரிவதில்லை. ஆகவே, மாதம் ஒரு முறை குளிப்பாட்டும்போது பிள்ளையின் விலா, முதுகு, கை ஆகியவற்றைக் கவனியுங்கள். பள்ளியில் எடுக்கும் உயரத்தையும் எடையையும் கேட்டு நாட்காட்டியின் பின்புறம் குறித்து வையுங்கள். முன்பு படுக்கையை நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, தண்ணீரை மடமடவென்று குடித்து, மெலியவும் செய்தால், நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும். அந்த நிலையில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. முதியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கைலி முடிச்சு எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

நேயர்களே, முடிக்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, மருந்து. நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மருந்து சாப்பிடுபவர் எடை குறைந்தால், பழைய அளவு மருந்து இப்போது அதிகமாகிவிடலாம். திடீரென்று வியர்த்து, நடுங்கி, கண் இருண்டால் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம். உடனே இனிப்பு நீர் குடித்து, பிறகு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். மருந்தை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். 'டாக்டர், என் எடை இவ்வளவு குறைந்திருக்கிறது' என்று சொல்லுங்கள். மாற்ற வேண்டியதை அவர் மாற்றுவார்.

இரண்டு, மெலிய வைக்கும் காப்பித்தூளும் மாத்திரையும். இவற்றில் சிலவற்றில் சிபுட்ராமின் என்னும் மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருதயத்திற்குத் தீங்கு என்று 2010-ஆம் ஆண்டில் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. பதிவு பெற்ற மருந்துப் பொட்டலத்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். அவை இல்லாததைத் தொடாதீர்கள். பத்து நாளில் பத்து கிலோ என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்று நான் சொன்னவற்றில் மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைத்த எடையால் மோதிரம் சுழன்றாலும் கன்னம் ஒட்டினாலும் அஞ்ச வேண்டாம். துணியைத் திருத்துங்கள், உங்களை அல்ல. வேலைக்கு அணியும் முகக்கவசத்தையும் பூட்ஸையும் புதிய உடம்புக்குப் பொருத்திக்கொள்ளுங்கள். தானாகத் தளர்ந்த ரவிக்கையையும் காற்சட்டையையும் ஊசி நூலோடு விட்டுவிடாமல் கிளினிக்குக்குப் போங்கள். இன்று மாலையே ஒரு கயிற்றை எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு வையுங்கள்.

நோயற்ற வாழ்வு உங்கள் இல்லம் தோறும் பெருகட்டும்.